தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மனைப்பிரிவுகளை இயற்கையோடு சேர்த்துத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பக்கத்துக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 800, 900 மி.மீ.தான். ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் உருண்டு போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். அப்படிப்பட்ட மழையை எந்தத் திட்டமும் முழுதாகத் தாங்காது. ஆனால் வெறும் 50 மி.மீ. மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற புது மனைப்பிரிவுகள் நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. அதே தெருவில் ஏப்ரல் மாதம் போர் வற்றி, டிராக்டர் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலை நடக்கும் வரிசை. முதலில் ஜேசிபி வந்து மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும். பிறகு மனைக்கல் நடுவார்கள். அப்புறம் தார், அப்புறம் சாக்கடை. யாருக்கும் விற்காத மூலை ஒன்று மிஞ்சினால் அது பூங்கா. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. தண்ணீர், மண், மரம், அதற்குப் பிறகே சாலையும் மனையும். புதிதாக லே-அவுட் போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களுக்குத் தனியாக ஒரு படி இருக்கிறது. கணக்குப் புரிய, பாலக்கோடு சாலைப் பக்கம் 5 ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஜேசிபிக்கு முன்னால் காகிதம்

நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்குங்கள். புலப்படமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையையும் காட்டும் அ-பதிவேடும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள எண்கள் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்: ஓடை புறம்போக்கு, வாய்க்கால், ஏரி, வண்டிப்பாதை. நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரியின் உபரிநீர் வெளியேறும் வாயான கலங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கிற ஏரி காயும், மேலே இருக்கிற தெரு மிதக்கும்.

அடுத்து, கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். மழைக்காலத்துப் படத்தில் பச்சைக் கோடாக வளைந்து போவதுதான் தண்ணீரின் பாதை. அது பட்டா நிலத்துக்குள் இருக்கலாம், ஆவணத்தில் ஓடை என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் பட்டா பார்த்து ஓடுவதில்லை. கடைசியாக, பக்கத்து நிலத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரிடம், "ஐயா, பெரிய மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேளுங்கள். எந்தச் சர்வேயரும் சொல்லாததை அவர் கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

இந்த மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, தண்ணீர்ப் பாதையை நீல மையில் குறியுங்கள். அதன் இரு பக்கமும் குறைந்தது 5 மீட்டர் கட்டடமில்லாமல் விட வேண்டும் என்பது என் கணக்கு. சிற்றோடைக்கு அது போதும். பெரிய ஓடையாக இருந்தால் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

ஓடை நிலத்துக்குள் ஓடினால் அதைக் குழாயில் அடைத்து மேலே சாலை போடச் சொல்லி யோசனை வரும். கான்கிரீட் சுவர் கட்டலாம் என்று இன்னொருவர் சொல்வார். சிங்கப்பூரில் பீஷான் பகுதியில் 2.7 கி.மீ. நேர்க் கான்கிரீட் கால்வாயாக இருந்த கால்லாங் ஆற்றை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012-ல் பூங்காவோடு சேர்த்துத் திறந்தார்கள். மழை பெருகினால் பூங்காவின் ஒரு பகுதியே ஆறாகிவிடும், வடிந்ததும் மறுபடியும் புல்வெளி. அவர்கள் காசு கொட்டி உடைத்ததை நாம் காசு கொட்டிக் கட்ட வேண்டுமா?

படி 2: மண்ணைக் கேளுங்கள்

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது மேலே இருக்கிற சிதைந்த சரளை அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டும். ஆற்று மணல் படிந்த ஊர்களுக்குச் சொல்லும் வழிமுறைகளை அப்படியே இங்கே செய்தால் ஏமாற்றம்தான். ஒரு மனையில் தண்ணீர் சரசரவென்று இறங்கும், நாலு மனை தள்ளிச் சுக்கான் பாறை தட்டும்.

அதனால் சோதித்துப் பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி. தண்ணீர் ஊற்றி ஒருமுறை முழுதாக இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் அங்கே தண்ணீரைத் தேக்கி இறக்கலாம். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த இடம் உறிஞ்சாது. அங்கே குட்டையோ தொட்டியோதான் சரி. 5 ஏக்கருக்கு ஏழெட்டுக் குழியாவது போடுங்கள். ஒரு நாள் கூலியில் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமல் மழைநீர் சேகரிப்புக்கென்று செலவழிப்பது வீண்.

மேல்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே இருக்கும் 15, 20 செ.மீ. மண்ணில்தான் உயிர் இருக்கிறது. சமன்படுத்தும்போது அதை அடியில் புதைத்துவிட்டுச் சரளையை மேலே கொண்டுவருவார்கள். பிறகு மரம் வைத்தால் எப்படி வளரும்? வேலை தொடங்கும் முன் மேல்மண்ணைத் தனியாக வழித்து ஓர் ஓரத்தில் குவித்து வையுங்கள். பூங்காவுக்கும் மரக்குழிகளுக்கும் அதுவே போதும், வெளியிலிருந்து செம்மண் லோடு அடிக்க வேண்டியதில்லை.

படி 3: தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

5 ஏக்கர் என்பது ஏறக்குறைய 20,000 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 10 லட்சம் லிட்டர் விழும். மானாவாரி நிலமாக இருந்தபோது அதில் பெரும்பகுதி மண்ணிலேயே இறங்கியது. கூரையும் சாலையும் வந்த பிறகு 60 சதவீதம் வழிந்தோடும் என்று வையுங்கள். 6 லட்சம் லிட்டர். இதற்கு நிலத்துக்குள்ளேயே இடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கீழே இருக்கிறவர் வீட்டுக்குப் போகும்.

எங்கே இடம்? முதல் இடம் பூங்கா. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். எனப்படும் பொதுத் திறந்தவெளி இடமாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். நம் கணக்கில் சாலை 6,000 சதுர மீட்டர் போனால், ஓ.எஸ்.ஆர். 1,400 சதுர மீட்டர், அதாவது சுமார் 35 சென்ட். அதில் 1,000 சதுர மீட்டரை ஒன்றரை அடி தாழ்த்துங்கள். கரைச்சரிவு போக 4 லட்சம் லிட்டர் நிற்கும். மீதி 400 சதுர மீட்டர் மேடாக இருக்கட்டும். ஊஞ்சல், பெஞ்ச், விளக்குக் கம்பம் எல்லாம் அங்கே.

"பூங்காவில் தண்ணி நின்னா கொசு வருமே" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக, நம் வெயிலில்கூட ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மணிக்கு 25 மி.மீ. இறங்கும் மண்ணில் ஒன்றரை அடித் தண்ணீர் ஒரு நாளில் வடிந்துவிடும். இரண்டு நாளைத் தாண்டி நின்றால்தான் கவலை. குழிச் சோதனையை வலியுறுத்தியது இதற்காகத்தான். கொசு உண்மையில் வளர்வது மூடியிட்ட சாக்கடையிலும் மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பாவிலும்.

இரண்டாவது இடம் தெருவோரம். அடுத்த படியில் அதைப் பார்ப்போம். அங்கே 1.3 லட்சம் லிட்டர் வரை நிற்கும். மீதியைக் கூரைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003 முதலே இங்கே கட்டாயம். 1,000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழைக்கு சேதாரம் போக 4,000 லிட்டர் கிடைக்கும்.

நிலத்தில் பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்க்கவே கூடாது. சரளை அடுக்கைத் தொட்டு நிற்கும் கிணறுதான் இந்தப் பாறை நிலத்தில் மிகச் சிறந்த உறிஞ்சு குழி. வண்டல் தொட்டி, ஜல்லி, மணல் என்று வடிகட்டி அமைத்துக் கூரைத் தண்ணீரை அதில் விடுங்கள். சாலைத் தண்ணீரை நேராகக் கிணற்றிலோ போரிலோ விடாதீர்கள். எண்ணெயும் சாணியும் சேர்ந்து இறங்கும். ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல் கறுத்துப்போன தலைமுறைகள் வாழும் மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மழைநீர் கலக்கக் கலக்க அடர்த்தி குறையும். ஆனாலும் போர் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது.

படி 4: தெரு

வழக்கமாகத் தெருவின் நடு உயர்ந்து, இரு பக்கமும் கான்கிரீட் சாக்கடை இருக்கும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் வாசலுக்கு முன்னால் தெருவரை சிமென்ட் சரிவு போட்டு மூடிவிடுவார்கள்.

அதற்குப் பதில், 30 அடித் தெருவைக் கொஞ்சம் ஒரே பக்கமாகச் சாயுங்கள். தாழ்ந்த பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓர் அடி ஆழத்தில் புல் பள்ளம், அதற்குள் மரங்கள். 100 மீட்டர் தெருவில் 50 மி.மீ. மழைக்கு 38,000 லிட்டர் வரை வழியும். இந்தப் பள்ளம் 20,000 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும், மீதி தாழ்ந்த பூங்காவை நோக்கி மெல்ல நகரும். சாலையோரக் கல்லில் 5 மீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டால்தான் தண்ணீர் உள்ளே வரும். இதை ஒப்பந்தக்காரர் மறந்துவிடுவார், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சரிவு நிறைய இருந்தால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு சிறு கல்தடுப்பு வைக்கலாம், மண் அரிக்காது. மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. மேஸ்திரியின் டியூப் லெவலே போதும்.

வாசலுக்கு வாசல் வண்டி ஏறக் கல்பலகை போடலாம். அடியில் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அடியில் கான்கிரீட் போட்டு மேலே பிளாக் அடுக்கினால் ஒரு சொட்டும் இறங்காது. அடியில் ஜல்லி, அதன்மேல் பொடி ஜல்லி, இடுக்குகளில் சிமென்ட் பூசாமல் விட்டால்தான் இறங்கும்.

படி 5: மரம்

வெட்டாமல் விடுவதுதான் முதல் நடவு. கிருஷ்ணகிரிப் பக்கம் மனையாகும் நிலங்களில் பல மாந்தோப்புகள். முப்பது வயது மாமரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் இரண்டடிக் கன்றை நட்டுப் படம் எடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மனைக்கல் நடும் முன் ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். பாதி மரங்களாவது மனை எல்லையிலும் பூங்காவிலும் விழும்படி கோடுகளை நகர்த்த முடியும். தோப்பின் வரிசையை ஒட்டியே தெருவைப் போட்டால் நிழல் தெரு இலவசமாகக் கிடைக்கும். புளியமரமும் அப்படித்தான்.

புது நடவுக்குப் பக்கத்துக் காட்டைப் பாருங்கள். பென்னாகரம் மலைச்சரிவில் பாறைமேல் நிற்கும் ஆச்சா, ஓடையோரம் நிற்கும் நீர்மருது, எங்கும் நிற்கும் புங்கன், வேம்பு, வாகை, உசிலை, நாவல், இலுப்பை. இவற்றுக்கு இந்த மழையும் இந்தப் பாறையும் பழக்கம். பூங்காவின் தாழ்ந்த பகுதியில் நீர்மருதும் நாவலும் புங்கனும் வையுங்கள், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். மேட்டில் வேம்பும் வாகையும். ஆல், அரசு, அத்தி வகை பறவைகளுக்கு விருந்து, ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, பூங்கா நடுவில் ஒன்றே ஒன்று. மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, நெல்லி, பவளமல்லி போன்ற சிறியவை. மே ஃப்ளவர் பார்க்க அழகு, காற்றில் கிளை முறியும். தெருவுக்கு வேண்டாம். கோனோகார்பஸ் சீக்கிரம் பச்சையாகிவிடும் என்று நர்சரிக்காரர் சொல்வார். நம் ஊர்ப் பறவைக்கும் பூச்சிக்கும் அதில் ஒன்றுமில்லை.

குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். கோடையிலேயே தோண்டி வெயிலில் காய விடுங்கள். ஒதுக்கி வைத்த மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கிடைக்கும். பெரிய மரங்களுக்கு 8, 10 மீட்டர் இடைவெளி. தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் நடவே வேண்டாம்.

மியாவாக்கி முறையில் அடர்காடு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை, ஈரமான நாட்டில் உருவானது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்றால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். தாழ்ந்த பூங்காவின் ஒரு மூலையில் 2 சென்ட்டில் வைத்துப் பாருங்கள். மீதியில் முள்காட்டுச் செடிகளான ஆவாரை, நொச்சி, விராலி. அவற்றுக்குத் தண்ணீரும் வேண்டாம், ஆடும் தொடாது. கொரியன் புல் விரித்த பூங்காவுக்குத் தினமும் தண்ணீர் அடிக்க வேண்டும். வறட்சி மாவட்டத்தில் அது ஊதாரித்தனம்.

அளந்து பார்க்க ஓர் எளிய விதி உண்டு. நகர்க் காடுகள் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-ல் சொன்னது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரம் தெரிய வேண்டும், வட்டாரத்தில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. 30 சதவீதம் நமக்குத் தூரம்தான். 3 மரம் எந்த ஊரிலும் முடியும்.

படி 6: கழிவுநீர்

மழைநீர்ப் பள்ளத்தில் ஒரே ஒரு வீட்டின் குழாய் சேர்ந்தாலும் மேலே சொன்ன அத்தனையும் சாக்கடையாகிவிடும். அதனால் மனை விற்கும்போதே பத்திரத்தோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கு. குளியல், துணி துவைக்கும் தண்ணீர், கொல்லையில் கல்வாழையும் சம்பும் நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக வாழைக்கோ தென்னைக்கோ. ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் பாத்தி போதும். சமையலறைத் தண்ணீருக்கு முன்னால் எண்ணெய் தேங்கும் சிறு தொட்டி வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை கக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படி 7: பக்கத்தில் ஏரி இருந்தால்

ஏரி அழகுபடுத்தல் என்றால் சுற்றிலும் கான்கிரீட் சுவர், டைல்ஸ் நடைபாதை, செல்ஃபி பலகை என்று ஆகிவிட்டது. நடைபாதை மண்கரைமேல் மட்டும் இருக்கட்டும். தண்ணீர் பரந்து ஏறி இறங்கும் எதிர்ப்பக்கத்தைத் தொடாதீர்கள். முழங்கால் ஆழமுள்ள அந்தச் சேற்று விளிம்பில்தான் நாரையும் கொக்கும் மேயும், மீன் குஞ்சு பொரிக்கும். சுவர் எழுப்பினால் ஏரி தொட்டியாகிவிடும். கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு வரத்து வாய்க்கால் தூர்வாருவது, இரண்டாவது ஏரி வாயில் ஒரு வண்டல் குட்டை. கரையில் பனைவிதை. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தால் அன்றே அங்கே வேறு செடி வைக்க வேண்டும், சும்மா விட்டால் அடுத்த மழைக்கு அதுவே திரும்ப வரும். கலங்கைத் தாழ்த்தவோ உயர்த்தவோ யார் சொன்னாலும் நீர்வளத் துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற வழி தருகிறது. மனு கொடுக்கும்போது முதல் படியில் வரைந்த நீலக் கோட்டுத் தாளை இணையுங்கள்.

படி 8: ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் மட்டும்

காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களை ஒட்டிய இந்தப் பகுதியில் யானைகளுக்கு ஆண்டுதோறும் வந்துபோகும் தடங்கள் உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் சானமாவு காட்டிலிருந்து வயல்களுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். மனை வாங்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் தடத்தைக் கேளுங்கள். தடத்தில் மதில் கட்டினால் யானை நிற்காது, பக்கத்து ஊருக்குத் திரும்பும். காட்டோர மனைகளில் பலா, வாழை, கரும்பு வேண்டாம். குப்பை திறந்து கிடக்கக் கூடாது. விளக்குகள் தரையைப் பார்த்து எரியட்டும், காட்டைப் பார்த்து வேண்டாம்.

படி 9: ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களுக்கு

தெருவை மறுபடி தோண்ட முடியாது. சரி, செய்யக்கூடியதைச் செய்யலாம். அடைத்துக் கிடக்கும் ஓ.எஸ்.ஆர். இடம் எங்கே என்று அனுமதி வரைபடத்தில் தேடுங்கள், பல இடங்களில் அது யாரோ ஒருவரின் கார் ஷெட்டாக இருக்கும். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குத் தோதானது. நகராட்சி, மாநகராட்சி என்றால் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். பூங்காவை மீட்டதும் தாழ்த்துங்கள். மரத்தண்டுகளைச் சுற்றிய சிமென்ட்டை உடையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

படி 10: முதல் பெருமழை

எல்லாம் முடிந்த பிறகு வரும் முதல் பெரிய மழையில் குடையோடு தெருவில் இறங்குங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கல் இடைவெளியைத் தாண்டிப் போகிறது, எங்கே மண் அரிக்கிறது என்று போனில் படம் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் பூங்காவில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு நாளில் வடியவில்லையென்றால் அடியில் வண்டல் அடைத்திருக்கும். மேல் இரண்டு அங்குலத்தை வழித்து மரங்களுக்குப் போடலாம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி முடிவதற்குள், பள்ளங்களில் சேர்ந்த மண்ணை வாரி, கல்தடுப்புகளைச் சரிசெய்யுங்கள். இதற்கு ஆகும் கூலியைக் குடியிருப்போர் சங்கத்தின் மாதச் சந்தாவில் தனித் தலைப்பாக ஒதுக்கிவிட வேண்டும். வாட்ச்மேன் சம்பளத்தோடு கலந்துவிட்டால் அந்தப் பணம் ஒருநாளும் பள்ளத்துக்கு வராது.